பொட்டு வைத்த முகமூடிகளும் நான் விழுங்கிய வாக்கியமும்

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் பேச்சைச் சுமந்து திரிவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஓர் உரைபெயர்ப்பாளன், ஓய்வு பெற்ற பின் தன் பேச்சில் இத்தனை எச்சரிக்கை காட்டுவது உங்களுக்கு நகைப்பைத் தரலாம். அந்த எச்சரிக்கைக்குரிய காரணம் இக்கட்டுரையின் நடுவில், தோட்டத்து மருந்துக் காம்பரா ஒன்றின் வாசலில் கிடக்கிறது. அங்கே போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, அன்று நான் வைத்திருந்த குறிப்பேடு. அதில் நடந்தவற்றைவிட என் கருத்துகளே மிகுதி என்பதால், கருத்துகளைக் கழித்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொண்டேன்; அது மெலிந்த ஏடாகிவிட்டது. மற்றொன்று, இக்கதையின் நாயகர். சென்ற மாதம் தொலைபேசியில் இதனை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு திருத்தங்கள் சொன்னார். தம் பெயரை எழுதக்கூடாது என்பது முதலாவது. தம் மீசைக்கு முன்னால் நான் போட்டிருந்த ‘கம்பீரமான’ என்ற அடைமொழியை நீக்கவேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் உடன்பட்டேன். பெயரில்லாத அவரை இனி மீசைக்காரர் என்று குறிப்பிடுகிறேன். தோட்டம் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடைப்பட்டது. அதன் பெயரும் வேண்டாம்.

இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நம் வேலை என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் அதன் அடித்தளத்தை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். நம் தேயிலையை வாங்கும் வெளிநாட்டார், தோட்டத்தில் தொழிலாளர் முறையாக நடத்தப்படுகிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் வழங்கப் பரிசோதகர்களை அனுப்புகிறார்கள். பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது. தொழிலாளருக்கு ஆங்கிலம் தெரியாது. இவ்விரண்டு அறியாமைகளுக்கும் நடுவில் நம் உலை கொதிக்கிறது. முதல் அறியாமையை நான் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன், உறுதியானது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

அந்த ஆண்டில் நான் மாணவனாகவும் இருந்தேன். நாற்பதைக் கடந்த வயதில் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்து, சமூகவியலைப் பாடமாக எடுத்திருந்தேன். உங்களுள் பலரும் இதே பாடத்தைப் படித்துக்கொண்டே இத்தொழிலுக்கு வந்திருப்பதாக அறிகிறேன். ஆகவே என் நோய் உங்களுக்குப் புரியும். உலகமயமாதலும் அதன் கோட்பாடுகளும் என்ற தாளுக்குப் பரீட்சை இரண்டு வாரத்தில் இருந்தது. உலகம் முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது என்றது ஒரு கோட்பாடு. இல்லை, வந்து விழும் எதையும் ஒவ்வோர் ஊரும் தன் பல்லுக்கு ஏற்ப மென்று தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்றது இன்னொன்று. நடுவிலிருக்கும் நாடுகள் விளிம்பிலிருக்கும் நாடுகளை உறிஞ்சுகின்றன; மற்றவையெல்லாம் பூச்சு என்றது மூன்றாவது. மூன்றும் எனக்குப் பிடித்திருந்தன. எதைக் கண்டாலும் மூன்றில் ஒன்றுக்குள் அடக்கிவிடத் துடித்தேன். ஹட்டனிலிருந்து புறப்படும் பேருந்தில் ஒருவர் மேற்கத்திய விளையாட்டுக் குழுவொன்றின் சட்டையை அணிந்து திருநீறு பூசியிருந்தால், அன்றைய பயணம் முழுவதும் அவரைப் பார்த்துக் குறிப்பெழுதுவேன். ஒருவர் இறங்கும் இடம் வரும்வரை என்னை முறைத்துக்கொண்டே வந்தார். அதையும் எழுதி வைத்தேன்; எதிர்ப்பின் அடையாளம் என்று.

இந்நிலையில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

பரிசோதகர் ஐரோப்பாவிலிருந்து வந்த நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். எழுதும்போது பேனாவை அழுத்தி எழுதுவார். தாளின் மறுபக்கத்தில் எழுத்து புடைத்துக் காணும். தோட்டத்தின் சார்பில் எங்களோடு நடந்தவர் கண்டாக்கு, அதாவது கள வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். அவர் காலுறை முதல் தொப்பிவரை பரிசோதனைக்கென்று உடுத்தி வந்திருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவையும் பார்த்து முடித்து, பத்து மணியளவில் மருந்துக் காம்பராவுக்கு வந்தோம். புல்லுக்கு அடிக்கும் மருந்தையும் அதற்குரிய கருவிகளையும் பூட்டி வைக்கும் அறை அது.

உள்ளே இரண்டு காட்சிகள் இருந்தன. இடப்புறச் சுவரில் நான்கு ஆணிகள். அவற்றில் நான்கு முகமூடிகளும் நான்கு பாதுகாப்புக் கண்ணாடிகளும் பொலித்தீன் உறைக்குள் பளபளத்துத் தொங்கின. பரிசோதகர் அவற்றைப் பார்த்துத் தலையசைத்து, நன்றாகப் பேணப்பட்டிருக்கின்றன என்றார். கண்டாக்குவின் முகம் மலர்ந்தது. வலப்புற மேசையில் வேறு நான்கு முகமூடிகள் இருந்தன. முதல் நாள் ஆயுத பூசை. ஒவ்வொரு முகமூடியின் மீதும் திருநீற்றுப் பட்டை மூன்று, நடுவே சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். கண்ணாடிகளுக்கு, இரு வில்லைகளுக்கும் இடையே, நெற்றி இருந்திருந்தால் எங்கே பொட்டு வைப்பார்களோ அங்கே பொட்டு. மருந்துத் தாங்கிகளின் கழுத்தில் செவ்வந்தி மாலை. நான்கு சிவபக்தர்கள் உடலை விட்டுவிட்டு முகத்தை மட்டும் கொண்டுவந்து வரிசையில் அமர்ந்திருப்பது போல் இருந்தது.

என் உள்ளம் கூத்தாடியது. இரண்டாம் கோட்பாடு! வந்து விழுந்ததை ஊர் மென்று தன்னுடையதாக்கிக்கொண்டதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எந்தப் பாடநூலில் இருக்கிறது?

பரிசோதகர் ஒரு முகமூடியை விரல்நுனியால் தூக்கினார். சந்தனம் உதிர்ந்தது. இதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டார். மருந்தடிக்கும் நால்வருக்கும் தலைவராக இருந்த ஒருவர் முன்னே வந்தார். அவர்தாம் மீசைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். இவற்றுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியை நான் தமிழில் கேட்டேன். அவர் மூன்று வாக்கியங்களில் விடை சொன்னார்.

“நேத்து ஆயுத பூசைங்க, சார். இதெல்லாம் பூசைக்கு வச்சு எடுத்தது.”

இவை முதல் இரண்டு. மூன்றாவதைப் பின்னால் சொல்கிறேன். அன்று அது என்னிடம் வந்து சேர்ந்த வரிசையும் அதுதான். ஏனென்றால் இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் நான் பரிசோதகரை நோக்கித் திரும்பிவிட்டேன். திரும்பி, ஆங்கிலத்தில் ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்தினேன். உலகளாவிய பாதுகாப்புக் கருவி ஒன்று இங்கே உள்ளூர்ச் சமூகத்தால் மீளுரிமையாக்கப்பட்டு, அதன் பயன்பாட்டு இயல்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, புனிதப் பொருளாக உருமாற்றப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். என் வாழ்நாளில் நான் பேசிய ஆங்கில வாக்கியங்களுள் இலக்கணம் மிகவும் கச்சிதமாக அமைந்தது அதுவே.

பரிசோதகர் கவனமாகக் கேட்டார். “அப்படியானால் இவை வேலைக்குப் பயன்படுவதில்லை?” என்றார்.

மீசைக்காரரிடம் அல்லவா அதைக் கேட்டிருக்கவேண்டும்? நான் கேட்கவில்லை. கோட்பாட்டின்படி விடை எனக்கே தெரிந்திருந்தது. முதன்மையாகச் சடங்குக்கு என்று சொன்னேன்.

அவர் எழுதினார். தாள் புடைத்தது.

கண்டாக்கு ஆங்கிலம் படித்தவர். எழுதியதை எட்டிப் பார்த்தார். மீசைக்காரரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், “எழுதிட்டாங்க பாத்தியா? இனிமே நான் கடுதாசி குடுக்காம இருக்க ஏலாது” என்றார்.

அந்தக் கடிதத்தின் எடையை நீங்கள் அறியவேண்டும். அந்தத் தோட்டத்தில் எச்சரிக்கைக் கடிதம் மூன்றானால் வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டுவார்கள். மீசைக்காரருக்கு முன்பே இரண்டு வந்திருந்தன. அவர் மனைவி கண்ணில் நோய் வந்து கொழுந்து பறிப்பதை விட்டு ஆண்டொன்றாகியிருந்தது. ஆகவே அந்த லயத்துக் காம்பராவில் தோட்டத்துப் பதிவிலிருந்த பெயர் அவருடையது மட்டுந்தான். பெயர் போனால் காம்பராவையும் காலி செய்யச் சொல்வார்கள். இவ்வளவும் கண்டாக்கு சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடமான பிரட்டுக்களத்துக்கு நடக்கும் வழியில், வருத்தத்தோடுதான் சொன்னார். நான் அதனைக் குறிப்பேட்டில் மூன்றாம் கோட்பாட்டின் கீழ் எழுதிக்கொண்டேன்.

மதிய உணவுக்கு இடைவேளை விட்டார்கள். பரிசோதகரும் கண்டாக்குவும் பங்களாவுக்குப் போனார்கள். மூன்று மணிக்கு நிறைவுக் கூட்டம். அதில் கண்டவற்றை வாசித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்பு மாற்றமில்லை. நான் மருந்துக் காம்பராவின் வாசற்படியில் அமர்ந்து, பரீட்சைக்கு விடை எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். மீசைக்காரர் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பொட்டலத்தை விரித்து என் பக்கமாகத் தள்ளினார். தேங்காய்ச் சம்பல் உறைப்பாக இருந்தது. சிறிது நேரம் இருவரும் தின்றோம்.

“சார், பரீச்ச எழுதப் போறீங்களோ?” என்று கேட்டார்.

ஆம் என்றேன். என்ன பாடம் என்று கேட்டார். உலகம் ஒன்றாகிக்கொண்டு வருவதைப் பற்றிய பாடம் என்று, அவருக்கு விளங்கவேண்டுமே என்ற பெருந்தன்மையுடன், எளிமைப்படுத்திச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு இன்னொரு துண்டு ரொட்டியைச் சம்பலில் தோய்த்தபடி, வானிலையை விசாரிக்கும் குரலில் கேட்டார்:

“காலைல அந்தம்மாகிட்ட ‘சேக்ரட் ஒப்ஜெக்ட்’னு சொன்னீங்களே, அது சாமி சாமான் தானுங்களே?”

கையிலிருந்த ரொட்டியைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தேன்.

அவர் தொடர்ந்தார். “அதுக்கு முந்தி ஒரு நீள வார்த்த சொன்னீங்க. அது மட்டும் வெளங்கல. கட்டார்ல ஆறு வருசம் இருந்தேன், அங்க யாரும் அத சொல்லி நான் கேட்டதில்ல.”

கட்டாரில் அவர் செய்த வேலை, பெரிய விடுதி ஒன்றின் தோட்டத்தில் மருந்தடிப்பது. மேலாளர் பிலிப்பைன்ஸ்காரர், கூட வேலை செய்தவர்கள் நேபாளத்தார், கென்யர். அவர்களுக்குள் ஆங்கிலந்தான் பொதுமொழி. முகமூடி அணியாதவனை அங்கே வாசலைத் தாண்டி உள்ளே விடுவதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு முகமூடி இல்லாமல் மருந்தடிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தோட்டத்தில் முகமூடி அணியும் பழக்கத்தைத் தொடங்கியவரே அவர்தாம். சான்றிதழ் பின்னால் வந்தது.

இளைய தோழர்களே, என் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்திருந்தேன். ஐரோப்பாவிலிருந்து தோட்டத்தை நோக்கி ஓர் அம்பு. அதன் கீழே ‘உலகம்’. தோட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே ‘உள்ளூர்’. என் பக்கத்தில் அமர்ந்து ரொட்டி தின்றவர் அந்த வட்டத்துக்குள் இல்லை. அம்பு பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு, ஆறு ஆண்டுகள் தாமதித்து, அவருடைய பயணப்பெட்டியில் ஏறி வந்திருந்தது.

அதைவிட மோசமான ஒன்றை அப்போதுதான் கண்டேன். அவர் முகத்தை அன்றைக்கு முதன்முறையாக நேராகப் பார்த்தேன். இரு கன்னங்களிலும், காதை நோக்கி, பட்டி அழுத்திய தடம் நிலைத்திருந்தது. கண்ணைச் சுற்றிய தோல் மட்டும் வெளுத்திருந்தது. மற்றப் பகுதி வெயிலில் கறுத்திருந்தது. நான் அடைமொழி இடக்கூடாத அந்த மீசை நடுவில் அமுங்கி, இரு முனைகளும் வெளியே பிதுங்கியிருந்தன. நாள்தோறும் முகமூடி அணிகிறவர் என்பதை அவர் முகமே எழுதி வைத்திருந்தது. ஆய்வுமுறை என்ற தாளில் நான் எழுபது புள்ளிக்கு மேல் பெற்றவன்.

“ஆங்கிலம் தெரியுமென்றால் நீங்களே அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். கேட்டது வினாவன்று, பழியை இறக்கி வைக்க இடம் தேடினேன்.

அவர் சிரித்தார். “நானே சொன்னா ஒங்களுக்கு அங்க என்னா வேல, சார்? எல்லாருக்கும் முன்னுக்கு ஒங்கள மட்டம் தட்டவா? ஒங்களுக்கும் பொழப்பு இருக்கில்ல.”

நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

“ஆனா ஒண்ணு, சார். நான் சொன்னதுல நீங்க பாதியத்தான் சொன்னீங்க. மத்த பாதிலதான் என் காம்பரா இருக்கு.”

அந்த மற்றப் பாதியை அவர் மீண்டும் சொன்னார். இதுதான் மூன்றாவது வாக்கியம்:

“வேல செய்யிற சாமானுக்கு மட்டுந்தான் நாங்க பொட்டு வைப்போம்.”

ஆயுத பூசையைப் பிறந்த நாள் தொட்டுப் பார்த்து வருகிறவன் நான். தொழிற்சாலையில் ஓடும் இயந்திரத்துக்குத்தான் பொட்டு. பழுதாகி மூலையில் கிடப்பதற்கு யாரும் வைப்பதில்லை. என் வீட்டிலும் அரிவாள்மணைக்கு வைப்போம். சுவரில் அழகுக்கு மாட்டிய வாளுக்கு வைத்ததில்லை. பொட்டு என்றாலே உழைத்த பொருளுக்குச் செய்யும் மரியாதை. இது என் கோட்பாட்டாளர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை அன்று காலையில் நான் கலைச்சொல் ஒன்றுக்கு விற்றுவிட்டேன்.

மணி இரண்டாகியிருந்தது. இனி வருவதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஏனென்றால் என்னிடம் நல்ல தன்மைகள் எவை இல்லை என்பதை அந்த அரைமணி நேரம் எனக்குக் காட்டியது. பங்களாவுக்கு ஏறும் படிகளில் நின்று, மூன்று வழிகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் விடுவது முதலாவது. அதை நான் உடனே தள்ளினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உடனே தள்ளவில்லை, ஏழெட்டுப் படி அதனோடு ஏறினேன். தொழிலாளி தம் கூற்றுக்கு இப்போது மேலும் விளக்கம் தருகிறார் என்று சொல்வது இரண்டாவது. இது மிகவும் கவர்ச்சியாக இருந்தது. பொய் என்று எவரும் நிறுவ இயலாது. என் பெயரும் கெடாது. அவருக்கும் நன்மை கிட்டலாம். ஆனால் அவர் காலையில் ஒன்று சொல்லி மதியம் மாற்றிப் பேசுகிறார் என்றாகும். கடிதத்துக்கு அஞ்சி மாற்றிப் பேசுகிறவரை எந்தப் பரிசோதகர் நம்புவார்? என் மானத்தைக் காப்பாற்ற அவர் காலையில் வாய் திறக்காமல் நின்றார். அந்த மௌனத்தையே அவருக்கெதிரான சான்றாக்கப் பார்த்தேன். மூன்றாவது வழி ஒன்றுதான் எஞ்சியது. கடைசிப் படிவரை வேறு ஏதாவது தோன்றுமா என்று பார்த்தேன், தோன்றவில்லை.

பரிசோதகர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். காலையில் மீசைக்காரர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன், அதற்குப் பதிலாக என் கருத்தைச் சொன்னேன் என்றேன். அதனால் அவருக்கு மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வரவிருப்பதையும் சொன்னேன். கோப்பையை வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது அதைவிடக் கடினமானது.

“காலையிலிருந்து எத்தனை வாக்கியங்களை விட்டிருக்கிறீர்கள்?”

தெரியாது என்றேன். அன்று நான் சொன்னவற்றுள் முழு உண்மை அது ஒன்றுதான். அவர் என் குறிப்பேட்டைக் கேட்டார், கொடுத்தேன். தமிழ் அவருக்குப் படிக்க வராது. ஆனால் அம்புகளையும் வட்டங்களையும் படிக்க மொழி வேண்டியதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “இதில் நாம் சந்தித்த மனிதர்கள் எங்கே?” என்று கேட்டார். நிறைவுக் கூட்டத்தை நாலரைக்கு மாற்றச் சொல்லிவிட்டு எழுந்தார்.

மருந்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்தோம். கண்டாக்குவும் வந்தார். அவரிடம் மருந்தடித்த நாள்களின் பதிவேட்டை அலுவலகத்திலிருந்து எடுத்து வரும்படி கேட்டார் பரிசோதகர். அலுவலகம் குன்றின் மறுபக்கத்தில் இருந்தது. அது தெரிந்தேதான் பரிசோதகர் அவரை அனுப்பியிருக்கவேண்டும் என்று அன்று குறித்து வைத்தேன். அது என் ஊகம், ஆகவே இங்கே கழித்துவிடுகிறேன்.

விசாரணை மீண்டும் தொடங்கியது. இம்முறை மீசைக்காரர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவேன். ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். சரியாகச் சொல்லியிருந்தால் மீசை அசையும். எனக்கு வாய்த்த பரீட்சகர்களுள் அவரைப் போல் கண்டிப்பானவர் இல்லை.

பொட்டுக்குரிய காரணத்தைச் சொன்னார். பிறகு ஒரு முகமூடியைக் கையிலெடுத்து, சந்தனம் பூசிய வெளிமூடியைத் திருகிக் கழற்றினார். “மூடிக்கு மேல மட்டுந்தான் வைக்கச் சொன்னேன். உள்ள பட்டா வடிகட்டி கெட்டுப்போகும்” என்றார். உள்ளே வடிகட்டி இருந்தது, உழைத்துப் பழுப்பேறியிருந்தது, சந்தனத்தின் சுவடே இல்லை. பரிசோதகர் அணிந்து காட்டச் சொன்னார். அவர் அணிந்தார். பட்டி, கன்னத்திலிருந்த தடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. கண்ணாடியின் விளிம்பு, வெளுத்த தோலும் கறுத்த தோலும் சந்திக்கும் கோட்டின்மீது அமர்ந்தது. நடுவே குங்குமப் பொட்டு.

முன்பு வந்த இரண்டு கடிதங்கள் எதற்காக என்று பரிசோதகர் கேட்டார். முகமூடிக்குள்ளிருந்தே விடை வந்தது. வடிகட்டி தீர்ந்துபோனபோது, புதியது வரும்வரை மருந்தடிக்க முடியாதென்று குழுவை நிறுத்தி வைத்ததற்கு ஒன்று. காற்று எதிர்த்தடித்த நாளில் நிறுத்தி வைத்ததற்கு மற்றொன்று. ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். பரிசோதகர் உடனே எழுதவில்லை, பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பு எழுதினார்.

கடைசியாக, இடப்புறச் சுவரில் பொலித்தீனுக்குள் பளபளத்த நான்கையும் காட்டி, “அவை?” என்று கேட்டார்.

என் நாவில் ஒரு முழு விளக்கம் எழுந்து நின்றது. பரிசோதனைக்காக மாட்டப்படும் பொருள்கள், பார்வைக்காக நடத்தப்படும் உலகம், மேலும் இரண்டு மேற்கோள்கள். நான் அதனை விழுங்கினேன். கேள்வியை மட்டும் தமிழில் கேட்டேன். மீசைக்காரர் முகமூடியைக் கழற்றினார். சுவரைப் பார்த்தார், கண்டாக்கு போன வழியைப் பார்த்தார்.

“அதுக்குப் பொட்டு இல்லீங்க” என்றார்.

அதனை அப்படியே சொன்னேன். பரிசோதகர் மேலும் ஏதேனும் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை, நானும் சேர்க்கவில்லை. அவர் சுவரருகே போய், ஒட்டுப் பிரிக்காத பொலித்தீன் உறைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்டாக்கு பதிவேட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலரைக்குக் கூட்டம் நடந்தது. மருந்தடிக்கும் குழுவின் கருவிகள் முறையாகப் பயன்படுகின்றன என்று வாசிக்கப்பட்டது. காலையில் எழுதிய வரியின் மேல் அழுத்தமான கோடொன்று விழுந்திருந்தது. தாள் அவ்விடத்தில் கிழிந்தே போயிருந்தது. மூன்றாவது கடிதம் எழுதப்படவில்லை. மீசைக்காரர் இன்றும் அதே காம்பராவில்தான் இருக்கிறார். ஜீப்பில் ஏறுமுன் பரிசோதகர் அவரிடம் போய் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அதை நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். மீசைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விளங்காதவர் போல் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னா சொல்றாங்க, சார்?” என்று கேட்டார். சொன்னேன். மீசை அசைந்தது.

பரீட்சையில் உலகமயமாதல் உள்ளூர்ப் பண்பாட்டை அழிக்கிறதா என்ற வினா வந்தது. கோட்பாடுகளை எழுதினேன்; அவை பிழையென்று நான் இன்றும் கருதவில்லை. கீழே இந்த நிகழ்ச்சியைக் கருத்துக் கலக்காமல் எழுதினேன். குறைந்த புள்ளியோடு தேறினேன். கோட்பாடுகளைப் படியுங்கள், படித்தவற்றை வேலை முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் தம் வாக்கியத்தை முடிக்கும்வரை அவர் வாயைப் பாருங்கள். முடிந்தால் கன்னத்தையும் பாருங்கள்.

எனக்குத் தெரியாதவை சில உண்டு. பொலித்தீனுக்குள் இருந்த நான்கைப் பற்றிப் பரிசோதகர் அறிக்கையில் என்ன எழுதினார் என்பது தெரியாது. அறிக்கை நமக்குக் காட்டப்படுவதில்லை. மீசைக்காரருக்கு ஆங்கிலம் தெரியுமென்பதைக் கண்டாக்கு அறிவாரா என்பதும் தெரியாது. அவரிடம் கேட்க எனக்கு உரிமையில்லை. அன்றைக்கு முன்னர் நான் இத்தொழிலில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். உடப்புசல்லாவையிலும் மஸ்கெலியாவிலும் எத்தனையோ பேர் என்முன் நின்று பேசினார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரியும், எத்தனை பேர் என் பிழைப்பை எண்ணி வாய் திறக்காமல் போனார்கள், நான் விழுங்கிய அவர்களுடைய மூன்றாவது வாக்கியம் எது என்பவை எனக்குத் தெரியாது.